காட்டெருமைத் தலைவரும் காணாமல் போன பிள்ளைகளும்

மருதங்காட்டில் ஓர் அலங்கு இருந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். நீளமான மூக்கு. எறும்பு என்றால் அதற்கு உயிர். பெயர் தணிகாசலம். அதுதான் காட்டுப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார்.

பாடம் நடத்துவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. கூட்டல் கணக்கு என்றால் எறும்புகளை வரிசையாக விட்டு எண்ணிக் காட்டும். கழித்தல் கணக்கு என்றால் அதே எறும்புகளைத் தின்று காட்டும். ஒரு பிள்ளைக்கும் சந்தேகமே வராது.

வாத்தியாரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. யாராவது சத்தமாகப் பேசினால் போதும், பயந்து பந்து மாதிரி சுருண்டுவிடும். மறுபடி விரிவதற்கு அரைமணி நேரம் ஆகும். அதனால் பள்ளிக்கூடத்துக்கு எது வேண்டுமென்றாலும் யாரிடமும் போய்க் கேட்காது.

பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள். முயல், குரங்கு, கீரி, மான், அணில், வாத்து என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் கூட்டம் குறைய ஆரம்பித்தது. முப்பது இருபதானது. இருபது பதினொன்றானது.

‘மழை பெய்கிறதே, அதனால் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள் போல’ என்று வாத்தியார் நினைத்துக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் காகம் ஒன்று பறந்து வந்து ஓர் உத்தரவை வாசித்தது.

“கல்வி அதிகாரி யானையம்மா பதினைந்தாம் நாள் உங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார். அன்றைக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும். பிள்ளைகள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்!”

வாத்தியாருக்கு மூக்கு நுனி வரை வியர்த்தது. மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் நடுவில் ஆறு இருக்கிறது. ஆறு நிறைய முதலை. காலையில் முப்பது பிள்ளைகள் கிளம்பினால் எத்தனை பிள்ளைகள் போய்ச் சேரும்? அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கவே அதற்குத் தைரியம் வரவில்லை.

காகத்திடம் மெதுவாகக் கேட்டது.

“நான் ஒருத்தன் என்னங்க செய்ய முடியும்?”

“ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வைங்க சார்! எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கு. விருப்பப்பட்டவங்க தாங்களா வந்து உதவி செய்வாங்க!” என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்துபோனது.

மறுநாளே குழுவில் சேர நான்கு பேர் தாங்களாக முன்வந்தார்கள்.

முதலில் வந்தது காட்டெருமை முத்துக்கறுப்பன். காட்டிலேயே பெரிய உடம்பு, காட்டிலேயே பெரிய குரல். அதன் மகள் செண்பகம் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

அடுத்து கொக்கு வெள்ளைச்சாமி. அதற்குப் பிள்ளைகள் கிடையாது. “சேவை செய்யணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்” என்றது. சொல்லும்போதே வந்திருந்தவர்களில் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டது.

மூன்றாவது முள்ளம்பன்றி சூடாமணி. அதன் மகள் இசக்கி இரண்டாம் வகுப்பு. சூடாமணி பக்கத்தில் உட்கார மட்டும் யாரும் ஆசைப்படவில்லை.

நான்காவது நத்தை மெய்யம்மை. அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் முதல் கூட்டம் திங்கட்கிழமை நடந்தது. நத்தை வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.

“நான் ஆதரிக்கிறேன்!” என்றது வந்ததும்.

“எதை?” என்று கேட்டது கொக்கு.

“நீங்க என்ன பேசினீங்களோ அதை!”

அந்த முதல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? யார் தலைவர் என்பதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

“நான்தான் தலைவர்!” என்றது காட்டெருமை.

“ஏன்?” என்றது கொக்கு.

“ஏன்னு கேக்கறவங்க கொஞ்சம் முன்னால வாங்க!” என்று காட்டெருமை கொம்பை ஆட்டியது.

யாரும் முன்னால் போகவில்லை. காட்டெருமை ஒருமனதாகத் தலைவரானது. கொக்கு செயலாளரானது. தலைவர் உட்கார ஒரு பாறை, செயலாளர் நிற்க ஒரு பாறை என்று பள்ளிக்கூடத்துக்கு நடுவிலேயே இரண்டு பாறைகளைப் புரட்டிப் போட்டார்கள். வகுப்பில் பாதி இடம் போய்விட்டது. வாத்தியார் மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

இரண்டாவது கூட்டத்தில் தீர்மானங்கள் தொடங்கின. கொக்கு ஒரு தேக்கிலையில் அலகால் குத்திக் குத்தி எழுதியது.

“தீர்மானம் ஒன்று!” என்று காட்டெருமை முழங்கியது. “பள்ளிக்கூடம்னா ஒரு மிடுக்கு வேணும்! இனிமே எல்லாப் பிள்ளைகளும் காலையில முட்டிப் பழகணும்!”

“முட்டவா?” என்று வாத்தியார் மெல்லிய குரலில் கேட்டது. “அணில்குஞ்சு யாரை முட்டும்ங்க?”

“மரத்தை முட்டட்டும்!” என்று காட்டெருமை கத்தியது.

வாத்தியார் சுருண்டுவிட்டது.

“வாத்தியாருக்கு ஆட்சேபணை இல்லை” என்று கொக்கு எழுதிக்கொண்டது. பிறகு அதுவும் தொண்டையைச் செருமியது. “தீர்மானம் ரெண்டு. பிள்ளைகளுக்குப் பொறுமை போதாது. பாடம் நடக்கும்போது எல்லாரும் ஒத்தைக் காலில் நிக்கணும்.”

“அதனால என்ன நன்மை?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“என்னைப் பாருங்க!” என்று கொக்கு கழுத்தை நீட்டியது. “நான் எப்படி வந்திருக்கேன்!”

அடுத்த நாள் முதல் பள்ளிக்கூடம் பார்க்கவே முடியாத காட்சியானது. காலையில் பிள்ளைகள் மரத்தை முட்டினார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி முடித்ததும் ஒற்றைக் காலில் நின்று “அ, ஆ” சொன்னார்கள். வாத்துக்குஞ்சு “இ” சொல்லும்போது சாய்ந்தது. பக்கத்தில் நின்ற கீரிக்குட்டி மேல் விழுந்தது. கீரிக்குட்டி மான்குட்டி மேல் விழுந்தது. “ஈ” சொல்வதற்குள் வகுப்பே தரையில் கிடந்தது.

குரங்குக்குட்டி மட்டும் வாலால் கிளையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கியது.

“இவன் தீர்மானத்தை மீறுறான்!” என்று கொக்கு கத்தியது. வாத்தியார் மறுபடி சுருண்டது. அந்த வாரத்தில் அது விரிந்திருந்த நேரத்தைவிடச் சுருண்டிருந்த நேரம்தான் அதிகம். ஒருநாள் பிள்ளைகள் அதைப் பந்து என்று நினைத்து இரண்டு முறை உதைத்தும் விட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் முதல் குரங்குக்குட்டி வரவில்லை. கீரிக்குட்டி வரவில்லை. மான்குட்டியும் வரவில்லை. பதினொன்று ஆறானது.

அதிகாரி வர இன்னும் நான்கே நாள்.

அன்றைய கூட்டத்தில் முள்ளம்பன்றி சூடாமணி எழுந்து நின்றது. அது எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து இரண்டடி தள்ளிக்கொண்டார்கள்.

“தலைவரே, ஒரு விஷயம் கேக்கலாங்களா? வராத இருபத்துநாலு பிள்ளைகளும் ஏன் வரலை? அவங்க வீட்டுக்கு யாராவது போய்க் கேட்டோமா?”

காட்டெருமை கொக்கைப் பார்த்தது. கொக்கு தேக்கிலையைப் பார்த்தது.

“அது அஜெண்டாவுல இல்லை!” என்றது கொக்கு.

“இல்லைன்னா சேத்துக்குங்க.”

“இன்னைக்குப் பொருள், தலைவருக்கு மாலை எந்தப் பூவுல கட்டுறதுங்கறது. அதை முடிச்சுட்டுத்தான் மத்தது!”

“பள்ளிக்கூடமே மூடப் போகுதுங்களே!”

“அதுக்குள்ள மாலையைப் போட்டுடணும்!” என்றது காட்டெருமை அவசரமாக.

செவ்வந்தியா, கொன்றையா என்று அன்று மாலை வரை பேசினார்கள். முடிவுக்கு வரவில்லை. காட்டெருமை இரண்டு பூவையும் தின்று பார்த்தது. இரண்டுமே நன்றாக இருக்கிறது என்றது.

முள்ளம்பன்றி அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. தனியாகவே கிளம்பி வீடு வீடாகப் போனது.

முதலில் முயல் வீடு. அம்மா முயல் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“உங்க பையன் கொத்துமல்லி ஏங்க பள்ளிக்கூடம் வரலை? உடம்பு சரியில்லையா?”

“வரலையா?” அம்மா முயலின் காது இரண்டும் நட்டுக்கொண்டது. “என்னக்கா சொல்றீங்க? தினமும் காலையில போறான், சாயங்காலம் வர்றான்! அந்தப் பள்ளிக்கூடத்தை நான் கும்பிடாத நாளே இல்லை. முன்னெல்லாம் குளிக்கச் சொன்னா ஓடுவான். இப்போ தினமும் குளிச்சு முடிச்சு, பளபளன்னு வீட்டுக்கு வர்றான்! வாத்தியார் எவ்வளவு நல்லா சொல்லிக் கொடுக்கறார்!”

முள்ளம்பன்றிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து குரங்கு வீட்டுக்குப் போனது.

“எங்க பையனா? என்ன படிப்புங்கறீங்க!” என்றது அம்மா குரங்கு. “வீட்டுக்கு வந்தா நிக்கக்கூட முடியலை. சாப்பிட்டதும் அப்படியே சாஞ்சு தூங்கிடறான். மூளைக்கு அவ்வளவு வேலை!”

கீரி வீட்டில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள்.

“எங்க பொண்ணு பசிக்குது பசிக்குதுன்னு ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறா. படிச்சா பசிக்கும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!”

பதினான்கு வீடு ஏறி இறங்கியது முள்ளம்பன்றி. பதினான்கு வீட்டிலும் ஒரே பதில்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. சந்தோஷமாகப் போகிறது. குளித்துவிட்டு வருகிறது.

வீட்டில் இருப்பவர்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளை வீட்டில் இருப்பதாக நினைத்தது. இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் இருபத்துநான்கு பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள்!

முள்ளம்பன்றி களைத்துப்போய் வீட்டுக்கு வந்தது. மகள் இசக்கி வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“எல்லாரும் போறாங்கம்மா. என்னை மட்டும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. உன் முள்ளு குத்தும், நீ பள்ளிக்கூடத்துக்கே போன்னு துரத்தறாங்க!”

“எல்லாரும் எங்கடி போறாங்க?”

“சேத்துக் குட்டைக்கு! சறுக்கு விளையாட!”

முள்ளம்பன்றி தலையில் கை வைத்துக்கொண்டது. கை முழுக்க முள் குத்தியது.

“ஊர் முழுக்கக் கேட்டேனே, உன்னைக் கேக்கலையே!”

மறுநாள் காலையில் முள்ளம்பன்றி பள்ளிக்கூடத்துப் பாதையில் நடந்து போனது. பாதை ஒரு மேட்டிலிருந்து இறங்கி, ஓடைக்கரையை ஒட்டித் திரும்பும். அந்தத் திருப்பத்தில், பாதைக்குக் குறுக்கே, ஒரு பெரிய சேற்றுக் குட்டை கிடந்தது. மேட்டிலிருந்து குட்டை வரை களிமண் வழவழவென்று வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அதில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்!

முயல் சறுக்கியது. குரங்கு தலைகீழாகச் சறுக்கியது. ஆமைக்குட்டி மல்லாந்து சறுக்கியது. அதன் வயிற்றின் மேல் இரண்டு அணில்கள் உட்கார்ந்து சவாரி செய்தன. மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு, “தள்ளாதே! வரிசையில நில்லு! அடுத்த ஆளு!” என்று அதட்டிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை. தலைவர் காட்டெருமையின் மகள் செண்பகம்தான்!

குட்டையும் தலைவருடையதுதான். மழை தொடங்கியதும் அது தினமும் மத்தியானம் படுத்துப் புரளுவதற்காகக் கொம்பால் கிளறி, காலால் மிதித்து உண்டாக்கிய குட்டை அது. சுற்றிப் போக வேறு வழி இல்லை. முதலில் இரண்டு பிள்ளைகள் கால் வழுக்கி விழுந்தார்கள். சேற்றோடு எப்படிப் பள்ளிக்கூடம் போவது என்று பயந்து அங்கேயே உட்கார்ந்தார்கள். பிறகுதான் விழுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தலைவர் காலையில் பிள்ளைகளுக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்விடுவதால் அதன் கண்ணில் அவர்கள் படவில்லை. மத்தியானம் அது வருவதற்குள் ஓடையில் குளித்துவிட்டு, தோப்புப் பக்கம் போய் ஆடிவிட்டு, சாயங்காலம் வீடு போய்ச் சேருவார்கள்.

முள்ளம்பன்றி பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடியது. குட்டையின் ஓரமாகத் தத்தளித்துத் தத்தளித்துப் போய் அக்கரை ஏறியது. பாதி வழியில் நத்தை மெய்யம்மை ஊர்ந்துகொண்டிருந்தது.

“மெய்யம்மை! வராத பிள்ளைங்க எல்லாம் குட்டையில இருக்காங்க!”

“தெரியுமே!” என்றது நத்தை. “போன வாரமே பாத்துட்டேன்.”

“பாத்துட்டு ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் வந்துட்டிருக்கேன்!”

முள்ளம்பன்றி நத்தையை ஓட்டோடு தூக்கி ஒரு முள் நுனியில் மாட்டிக்கொண்டு ஓடியது. மெய்யம்மை வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்தது. வேகத்தில் அதற்குத் தலை சுற்றியது.

“தலைவரே! உங்க குட்டையாலதான் பிள்ளைங்க வரலை!” என்றது முள்ளம்பன்றி மூச்சிரைக்க.

காட்டெருமை பாறையிலிருந்து எழுந்தது.

“என்ன சொன்னே? என் குட்டையா? அது குட்டையே இல்லை! அது... அது ஒரு நீர்நிலை! ஊருக்கு நான் செஞ்ச நன்மை!”

“பாதைக்கு நடுவுலயா?”

“பாதைதான் என் குட்டைக்கு நடுவுல வருது! தலைவரைக் குத்தம் சொன்ன முள்ளம்பன்றியைக் குழுவுல இருந்து நீக்கணும்! எழுதுங்க செயலாளரே, தீர்மானம் பதினொண்ணு!”

கொக்கு எழுதத் தொடங்கியது. வாத்தியார் வழக்கம்போலச் சுருண்டது. அந்த நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஓர் அலறல் கேட்டது.

“அப்பா! அப்பா!”

செண்பகத்தின் குரல்.

தீர்மானம் எழுதி முடிக்கப்படவில்லை. எல்லாரும் ஓடினார்கள். வாத்தியாரும் உருண்டையாகவே சரிவில் உருண்டு, குட்டைக்கரைக்கு வந்துதான் விரிந்தது.

மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றார்கள். முயல்குட்டி கொத்துமல்லி மட்டும் நடுவில் சேற்றில் சிக்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்கு மேல்தான் வெளியே தெரிந்தது.

“ஒதுங்குங்க! நான் தலைவர்!” என்று காட்டெருமை தடாலென்று குட்டைக்குள் குதித்தது.

அவ்வளவு பெரிய உடம்பு உள்ளே போனதும் தண்ணீர் ஒரு முழம் ஏறியது. கொத்துமல்லியின் மூக்கு மறைந்தது. இரண்டு காது மட்டும் வெளியே தெரிந்தது.

“வெளியே வாங்க!”

யார் கத்தியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது வாத்தியார்! சுருளவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்று கத்தியது.

“நீங்க இறங்கினா தண்ணி ஏறுது! வெளியே வாங்க தலைவரே! தண்ணியை அடைச்சிருக்கற அந்த ஓடைப்பக்கக் கல்லைக் கொம்பால புரட்டுங்க! ஏங்க கொக்கு சார், நிக்காதீங்க! கழுத்தை நீட்டிப் பையன் காதைப் பிடிங்க! விட்டுடாதீங்க!”

காட்டெருமை வெளியே ஏறியது. அதற்கு யாரும் இதுவரை உத்தரவு போட்டதில்லை. ஆனால் அப்போது அதை யோசிக்க நேரமில்லை. கொம்பைக் கொடுத்துக் கல்லைப் புரட்டியது. கொக்கு கழுத்தை நீட்டிக் காதைக் கவ்வி மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கியது. அலங்கு அந்தக் கல் இருந்த இடத்தில் நகங்களை வைத்துத் தோண்டத் தொடங்கியது. மண் பின்னால் பறந்தது. எறும்புப் புற்றைத் தோண்டிப் பழகிய நகங்கள் ஆயிற்றே! ஐந்து நிமிடத்தில் ஒரு வாய்க்கால் திறந்தது. குட்டைத்தண்ணீர் ஓடைக்குள் திபுதிபுவென்று இறங்கியது.

சேறு மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு கொத்துமல்லியை இழுத்துப் போட்டார்கள். அது மூன்று முறை தும்மியது. பிறகு, “காது வலிக்குது” என்றது.

அம்மா முயல் செய்தி கேட்டு ஓடி வந்தது. மகனைக் கட்டிக்கொண்டு அழுதது. பிறகு ஒரு அடி வைத்தது. பிறகு மறுபடி கட்டிக்கொண்டது.

காட்டெருமை மழையில் நனைந்துகொண்டு நின்றது. செண்பகம் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“நீ பள்ளிக்கூடம் போகாம இங்கயா இருந்தே?” என்று கேட்டது காட்டெருமை.

“நீங்கதான் தினமும் பள்ளிக்கூடம் போறீங்களேப்பா!” என்றாள் செண்பகம். “நீங்க ஒரு நாளாவது நான் அங்க இருக்கேனான்னு பாத்தீங்களா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காட்டெருமை பள்ளிக்கூடத்தின் நடுவில் பாறை போட்டு உட்கார்ந்து, பத்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆறு பிள்ளைகளில் தன் மகள் இல்லை என்பது அதன் கண்ணில் படவே இல்லை. வெட்கத்தில் அதன் கறுப்பு முகம்கூடச் சிவந்தது போலத் தெரிந்தது.

அது முள்ளம்பன்றியின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தது.

“அக்கா, தப்பு என்மேலதான். நீங்க சரியாத்தான் கேட்டீங்க.”

பிறகு வாத்தியாரிடம் திரும்பியது. எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டது.

“சார், நாங்க என்ன செய்யணும்? நீங்க சொல்லுங்க.”

வாத்தியார் சுருளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தது.

“பாடத்தை நான் பாத்துக்கறேங்க” என்றது. “பிள்ளைங்க வர்ற வழியை நீங்க பாத்துக்குங்க. யார் வரலைன்னு நான் தினமும் சொல்றேன். ஏன் வரலைன்னு போய்க் கேட்டு எனக்குச் சொல்லுங்க. எனக்கு வீடு வீடாப் போகக் கூச்சம். அப்புறம்...”

“சொல்லுங்க சார்!”

“அந்த ரெண்டு பாறையையும் வெளியே எடுத்துடுங்க. உக்கார இடமில்லை.”

காட்டெருமை அன்றே பாறைகளைப் புரட்டி எடுத்துக்கொண்டு போய்க் குட்டைக்குள் தள்ளியது. மேலே மண்ணைக் கொட்டி மிதித்துப் பாதையைச் சமமாக்கியது. தனக்குப் புதிய குட்டையை ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் நடக்காத இடத்தில் தோண்டிக்கொண்டது. மேட்டுச் சரிவில் கொக்கு குச்சிகளைப் பதித்துப் படி கட்டியது. ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் காலில் நின்று பார்த்து, ஆடவில்லை என்று உறுதி செய்தது. முள்ளம்பன்றி மறுபடி கிளம்பி எல்லா வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னது. இருபத்துநான்கு வீட்டிலும் அன்று சாயங்காலம் நல்ல சத்தம் கேட்டது.

பிள்ளைகளுக்குச் சறுக்கு போய்விட்டதே என்ற வருத்தம் இருந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்னச் சறுக்கு தோண்டிக் கொடுத்தது. எழுத்துப் பாடம் முடித்தவர்கள் சறுக்கலாம் என்றது. ஒரே நாளில் எல்லாரும் “ஔ” வரை சொல்லிவிட்டார்கள். இசக்கிக்கும் சறுக்கலில் ஓர் இடம் கிடைத்தது. கடைசி ஆளாகப் போனால் முதுகு முள் பின்னால் வரும் யாரையும் குத்தாது என்று செண்பகம்தான் யோசனை சொன்னாள்.

அதிகாரி யானையம்மா சொன்ன நாளில் வந்தது. புதிய பாதையில் கால் வைத்துப் பார்த்தது. பாதை தாங்கியது. வகுப்புக்குள் தும்பிக்கையை நீட்டிப் பிள்ளைகளை எண்ணியது.

“இருபத்தொன்பது! பரவாயில்லையே! பதினொண்ணுன்னு கேள்விப்பட்டேன். ஆனா பட்டியல்ல முப்பது பேர் இருக்கே. அந்த ஒருத்தர் எங்க?”

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் காட்டெருமை முன்னால் வந்தது.

“சுண்டெலி வீட்டுப் பையன்ங்க. பேரு பொடியன். நேத்து ராத்திரியில இருந்து ஜுரம். காலையில போய்ப் பாத்துட்டு வந்தேன். என் மூச்சுக் காத்துல அவங்க வீட்டுக் கூரை கொஞ்சம் பறந்துடுச்சு. சரி பண்ணிக் கொடுத்துட்டேன். நாளைக்கு ஜுரம் விட்டுடும், புதன்கிழமை வந்துடுவான். விட்டுப்போன பாடத்தை எங்க செண்பகம் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கா.”

யானையம்மா காதை ஆட்டுவதை நிறுத்தியது.

“நான் நூத்துக்கணக்கான பள்ளிக்கூடம் பாத்திருக்கேன்” என்றது. “வந்த பிள்ளைங்களை எண்ணிக் காட்டாத குழு கிடையாது. வராத ஒரு பிள்ளையோட பேரும், வீடும், ஜுரமும் தெரிஞ்ச குழுவை இப்பத்தான் பாக்கறேன். இந்தப் பள்ளிக்கூடத்தை யார் மூட முடியும்?”

காட்டெருமைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “ஹூம்ம்ம்!” என்று காடே அதிரக் கத்திவிட்டது.

வாத்தியார் சடக்கென்று பந்தாகச் சுருண்டது. இருபத்தொன்பது பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காட்டெருமை பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்து, “மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க” என்று கிசுகிசுத்தது. அது விரியும் வரை அரைமணி நேரம் அப்படியே குனிந்து நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு உதவ முன்வருபவர்கள் தங்களுக்கு எங்கே இடம் என்று பார்க்காமல், எந்தப் பிள்ளையின் இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.